நெடுந்தீவுக்கு இரண்டு பேர்

1. படலையடியில்

இரண்டு பேருக்கென்று ஒழுங்கு செய்த பயணம் அது. விடியற்காலையில் தெல்லிப்பழையில் மாப்பிள்ளை வீட்டு வாசல் படலையடியில் வாடகை வானை நிற்பாட்டினோம். முதலில் வந்து ஏறியது ஒரு பொங்கல் பானை. அதன் பின்னால் விறகுக் கட்டு, அரிசிப் பை, தேங்காய்கள், சுருட்டிய பாய், செம்பு. அவற்றுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தாயார். அவருக்குப் பின்னால் தாயாரின் தங்கை. மாப்பிள்ளையும் பெண்ணும் கடைசியாக வந்தார்கள். யாரையோ வழியனுப்ப வந்தவர்கள்போல படலையோடு ஒதுங்கி நின்றார்கள்.

சாரதி மரியதாஸ் குருநகர்க்காரன். வாய் சும்மா இராது. என் பக்கம் சாய்ந்து, "அண்ணை, வீடு மாறி வந்திட்டமோ?" என்று கேட்டான்.

வீடு மாறவில்லை. நான் போட்டுக் கொடுத்த புரோகிராம்தான் மாறியிருந்தது. அது எப்படி மாறியது, அதிலிருந்து நான் என்ன படித்தேன் என்பதை, இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே சொல்கிறேன். அம்மாளாச்சி துணை.

2. புரோகிராம் போட்ட விதம்

யாழ்ப்பாணம் பட்டினத்தில் பயண ஒழுங்கு செய்கிற ஒரு சின்ன ரவல்ஸில் எனக்கு வேலை. அரியாலையிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். ரயில் ரிக்கற், பிளேன் ரிக்கற் எல்லாம் முதலாளியின் பொறுப்பு. தீவுப் பக்கம் போகிறவர்களுக்கு வான் பிடிப்பதும், லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகு போகும் நேரம் விசாரிப்பதும், தங்க இடம் பார்ப்பதும், குறிகட்டுவான் துறை வரை கூடப் போய் ஆட்களை ஏற்றிவிடுவதும் என்னுடைய பாடு. அநேகமாக எல்லோரும் நயினாதீவுக்கு நேர்த்திக்கடன் வைத்துப் போகிறவர்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கடற்கரையும் கேட்பார்கள்.

1983 ஆம் ஆண்டு, சித்திரை மாதம் முடிகிற நேரம். யோகநாதன் என்கிற தெல்லிப்பழைப் பொடியன், சவூதிக்குத் திரும்பிப் போகிற ரிக்கற்றை உறுதிப்படுத்த வந்தார். அங்கே குளிரூட்டி திருத்துகிற வேலை. கலியாணம் செய்வதற்கென்று லீவில் வந்து, கலியாணமும் முடிந்து, அடுத்த கிழமை பிளேன். ரிக்கற் வேலை முடிந்த பிறகும் அவர் போகவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி தேத்தண்ணி குடிக்க வெளியே போனதும் என் மேசைக்குக் கிட்ட வந்தார்.

"அண்ணை, ரெண்டு நாளைக்கு எங்கையாவது போக ஒழுங்கு செய்ய ஏலுமோ? நானும் அவவும் மட்டும்."

எந்தக் கோயிலுக்கு என்று கேட்டேன். எனக்கு அதுதான் வாயில் வரும். அவர் தலையைக் குனிந்துகொண்டு விசயத்தைச் சொன்னார். கலியாணம் முடிந்த நாளிலிருந்து தினமும் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விருந்து. விருந்து இல்லாத நாளில் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். விறாந்தையில் ஆட்கள், குசினியில் ஆட்கள், கிணற்றடியிலும் ஆட்கள். பெண் சுகந்தி அளவெட்டிப் பக்கம். பேசிச் செய்த கலியாணம், முன்பின் பழக்கமில்லை.

"நான் அவவோடை இன்னும் கதைக்கேல்லை அண்ணை. சாப்பிட்டீரோ, தண்ணி கொஞ்சம் தாரும், அவ்வளவுதான் கதைச்சிருக்கிறன். இனி ரெண்டு வருசத்துக்குக் காயிதத்திலைதான் கதை. ஆரெண்டு தெரியாத ஆளுக்கு என்னத்தை எழுதுறது?"

எனக்கும் கலியாணம் முடித்த புதிதில் அப்படித்தான். ஆனால் நான் எங்கும் போகவில்லை. கதைக்க ஒரு ஆயுள் கிடந்தது.

எங்கே போக விருப்பம் என்று கேட்டேன். பெண் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒருநாள் பார்க்கவேண்டும் என்று இருந்தாளாம். கலியாணம் முடிந்து வந்து அவள் தன் வாயால் கேட்டது அது ஒன்றுதானாம்.

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த முதலாளி இதைக் கேட்டு நன்றாகச் சிரித்தார். "உவரை நுவரெலியாவுக்கு அனுப்பும். குளிருக்கை நெருங்கியிருந்து கதைப்பினம். நெடுந்தீவு வெய்யிலுக்கை ஆளையாள் கடிச்சுப்போட்டு வருவினம்" என்றார். யோகநாதன் மசியவில்லை.

அப்போதே இருந்து புரோகிராம் போட்டேன். காலையில் பண்ணைப் பாலத்தால் போவது. பாலத்தின் இரண்டு பக்கமும் கடல் ஆழமில்லாதது. கொக்கும் கூழைக்கடாவும் நிற்கும், வானை மெல்ல ஓட்டினால் நன்றாகப் பார்க்கலாம். பிறகு வேலணையில் சாட்டிக் கடற்கரை. பிறகு குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறி நயினாதீவு, அம்மனுக்கு அருச்சனை, அன்னதானச் சாப்பாடு. பின்னேரம் நெடுந்தீவு லோஞ்ச். இரவு தங்குவதற்கு என் மனைவியின் தமையன் வீடு. அவர் அங்கே தபால் கந்தோரில் வேலை. வெளி அறை ஒன்று தனியாக, தனி வாசலோடு இருந்தது. மறுநாள் காலை வெயில் ஏறுமுன் குதிரைகள் மேய்கிற வெளி, பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை. மத்தியான லோஞ்சில் திரும்புவது.

வெள்ளைக்காரர்கள் இதற்காகக் கப்பலேறி வருகிறார்கள். எங்களுக்கு அது வீட்டுப் பின்பக்கம் மாதிரிக் கிடந்தது. நல்ல புரோகிராம் என்று எனக்கே திருப்தி.

நாள் மட்டும் குறிக்கவில்லை. அங்கேதான் பிழை வந்தது. எங்களில் ஆர் நாள் பார்க்காமல் கடல் தாண்டுவது? யோகநாதன் வீட்டுக்குப் போய், போய்வர ஒரு நல்ல நாள் பார்த்துத் தாருங்கோ என்று தாயாரிடம் பஞ்சாங்கத்தைக் கொடுத்திருக்கிறார். தாயார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை திறம் என்று சொல்லியிருக்கிறார். எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார். நயினாதீவு என்று சொன்னதுதான் தாமதம், அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மகனுக்கு விசா கிடைத்தால் நாகபூசணி அம்மனுக்குப் பொங்குவதாக அவர் நேர்ந்திருந்தார். அந்தக் கடன் இன்னும் தீர்க்காமல் கிடந்தது. பிள்ளை தானாகவே நினைவு வைத்து ஒழுங்கு செய்திருக்கிறான் என்று அயலெல்லாம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யோகநாதன் என்ன சொல்ல முடியும்?

3. வானுக்குள்

தகப்பனார் வரவில்லை. வெங்காயத் தறைக்குத் தண்ணீர் இறைக்க ஆள் வேண்டுமே. தாயாரும் சின்னம்மாவும் பின் இருக்கையில் இருந்தார்கள். பெண்ணை இருவருக்கும் நடுவில் இருத்தினார்கள். யோகநாதன் முன்னுக்கு வந்து எனக்கும் மரியதாசுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு இருந்தார். பொங்கல் பானை அவர் மடியில்.

மரியதாஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, "மாப்பிளையும் பொம்பிளையும் ஒரே வானிலை போகினம். அந்தளவிலை குடுத்து வைச்சவை" என்று முணுமுணுத்தான். முழங்கையால் ஒரு இடி கொடுத்தேன்.

பண்ணைப் பாலத்தில் வானை மெதுவாக்கச் சொன்னேன். கூழைக்கடாக்கள் வரிசையாக நின்றன. யோகநாதன் திரும்பி, "அங்கை பாரும்" என்றார். தாயார், "ஓம் மோனை, பாக்கிறன்" என்றார். அதோடு யோகநாதன் பின்னால் திரும்பவில்லை.

சாட்டியில் இறங்கினோம். அந்தக் கடல் முழங்காலளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகக்கூடிய கடல். சின்னம்மா தண்ணீரில் காலை வைக்கப் பயந்து பெண்ணின் கையைப் பிடித்தவர் பிடித்ததுதான். யோகநாதன் தனியாக உள்ளே நடந்துபோய், திரும்பிக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண் கரையிலிருந்து அவரைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவே அந்தத் தண்ணீர்தான். நான் தொழிலில் எத்தனையோ ஆட்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். அன்று பார்த்ததைப்போல ஒரு பரிதாபத்தைப் பார்த்ததில்லை.

தாயார்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. நேர்த்திக்கடனை ஆர் மறிப்பது? வழி நெடுக, "தாயே, ரெண்டையும் நீதான் பாக்கவேணும்" என்று அம்மனிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

4. குறிகட்டுவான்

துறையில் ஆட்களை ஏற்றிவிட்டுத் திரும்புவதுதான் என் வழக்கம். அன்று தாயார், "தம்பி, நீரும் வாரும். பொங்கிறதுக்கு ஆம்பிளைத் துணை ஒண்டு காணாது" என்றார். மரியதாசை வானோடு விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

மரியதாஸ் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய தகப்பனும் அண்ணன்மாரும் கடற்றொழில். "சோளகக் காத்து எழும்பப் பாக்குது அண்ணை. நயினாதீவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நெடுந்தீவு லோஞ்ச் இண்டைக்குப் பின்னேரம் ஓடும். நாளைக்கு உந்தக் காத்துக்குச் சொல்லேலாது" என்றான்.

லோஞ்சில் ஏறியபின்தான் நெடுந்தீவுப் பேச்சு வந்தது. பின்னேரம் அங்கே போகவேண்டும் என்று யோகநாதன் ஒருமாதிரித் தாயாரிடம் சொன்னார். தாயார் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "குதிரை என்ன குதிரை. அடுத்தமுறை வரேக்கை பாக்கலாம். பொங்கிப் படைச்சுப்போட்டு வீட்டை போவம்" என்றார்.

அடுத்தமுறை என்றால் இரண்டு வருடம். பெண் பக்கத்தில் நின்ற லோஞ்ச்காரரிடம் நெடுந்தீவு எந்தப் பக்கம் என்று மெல்லக் கேட்டாள். அவர் கையை நீட்டிக் காட்டினார். நயினாதீவு வந்து சேரும்வரை அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5. பொங்கல்

கோயில் வெளி வீதியில் கல் வைத்து அடுப்பு மூட்டினோம். காற்று அடுப்பை எரிய விடவில்லை. மூட்ட மூட்ட அணைந்தது. கடைசியில் ஒரு சாக்கை எடுத்து, ஒரு முனையைத் தாயார் பிடிக்க மறுமுனையை யோகநாதன் பிடித்து, காற்றுக்கு மறைப்புக் கட்டினார்கள். பானைக்கு முன்னால் தாயும் மகனும் அப்படியே குந்தியிருந்தார்கள். பொங்கி வரும்வரை விட்டு எழும்ப முடியாது. சின்னம்மா அருச்சனைத் தட்டு வாங்கப் போய்விட்டார். பெண் அரிசி களைந்துகொண்டு கொஞ்சம் தள்ளி இருந்தாள். நான் விறகு தள்ளினேன்.

அப்போதுதான் அந்தத் தாயார் கதைக்கத் தொடங்கினார். சவூதியில் ஆர் சமைப்பது என்று கேட்டார். தாங்களே முறைவைத்துச் சமைக்கிறோம் என்றார் மகன். படுக்கிற அறையில் எத்தனை பேர் என்று கேட்டார். வெள்ளிக்கிழமையில் சைவம் சாப்பிட ஏலுமோ, காய்ச்சல் வந்தால் ஆர் பார்ப்பது, விபூதி பூசிக்கொண்டு வேலைக்குப் போகலாமோ என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். மகன் பொறுமையாகப் பதில் சொன்னார். காய்ச்சல் வந்து கிடந்த கதை ஒன்றையும் சொன்னார். அது தாயாருக்கு அதுவரை தெரியாது. சாக்கைப் பிடித்த கையை விடாமல், மற்றக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும்.

எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. வீடு நிறைய ஆட்கள் இருந்தது அந்தப் பெண்ணுக்கு மட்டுமான இடைஞ்சல் அல்ல. இந்தத் தாயும் லீவு முழுக்க விருந்துக்குச் சமைத்தாரே தவிர, மகனோடு ஆறுதலாக இருந்து கதைக்கவில்லை.

பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். படைத்து, பூசை முடிந்து, மடத்தில் சாப்பிட்டு எழும்ப நெடுந்தீவு லோஞ்சுக்கு நேரம் கிட்டியது. அது குறிகட்டுவானிலிருந்து போவது. இப்போதே கடந்துபோனால்தான் பிடிக்கலாம். நான் தாயாரிடம் போனேன். கோயில் வாசலில் நின்று பொய் சொல்லவோ சூழ்ச்சி செய்யவோ எனக்கு மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். ரெண்டு பேரும் நெடுந்தீவுக்குப் போகத்தான் இந்தப் பயணம் தொடங்கியது, தங்குவது என்னுடைய மச்சான் வீடு, நல்ல குடும்பம், ஆனால் காற்று எழும்பினால் நாளைக்குத் திரும்ப மாட்டார்கள், அதற்கு நான் உத்தரவாதம் தர ஏலாது என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் என்ன தம்பி, உவையளைப் பிரிக்கவோ வந்தனான்? எனக்கும் அவனோடை இருக்க வேற நாள் இல்லை."

யோகநாதன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது சுகந்தி கிட்ட வந்தாள். காலையிலிருந்து அவள் சத்தமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"மாமி, அப்ப நீங்களும் வாங்கோ. எல்லாருமாய்ப் போய்க் குதிரையைப் பாப்பம். இவரும் உங்களோடை இருந்த மாதிரி இருக்கும்."

அவள் அதை ஒப்புக்குச் சொல்லவில்லை. தனக்கென்று மிஞ்சிக் கிடந்த அந்த ஒன்றையும் மனதோடு கொடுத்தாள். தாயார் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மருமகளை அவர் சரியாகப் பார்த்ததும் அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"எனக்கு உந்தப் பெருங்கடல் ஒத்துவராது பிள்ளை" என்றார். "நான் பொங்கேக்கை அவனோடை கதைச்சிட்டன். காணும். நீங்கள் போங்கோ. நான் மடத்திலை நிண்டு, நீங்கள் வந்தாப்போலை கூட்டிக்கொண்டு வீட்டை போறன்." பிறகு குனிந்து பானையைத் திறந்தார். "நில்லுங்கோ, புக்கை கட்டித் தாறன். அங்கை ராவைக்கு என்ன கிடைக்குமோ."

வாழையிலையில் பொங்கலைக் கட்டி மருமகளின் கையில் கொடுத்தார். மகனிடம், "கவனமாக் கூட்டிக்கொண்டு போ" என்றார். சின்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இரு" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார்.

நான் அவர்களோடு குறிகட்டுவானுக்கு வந்து லோஞ்சில் ஏற்றினேன். மச்சானின் பெயரையும் வீட்டுக்குப் போகும் வழியையும் இரண்டு தரம் சொன்னேன். யோகநாதன் கேட்டமாதிரித் தெரியவில்லை. பெண்தான் திருப்பிச் சொன்னாள். அடுத்த நயினாதீவு லோஞ்சில் நான் மடத்துக்குத் திரும்பினேன்.

6. காற்று

மரியதாஸ் சொன்னபடியே நடந்தது. இரவு காற்று பிடித்தது. மறுநாள் நெடுந்தீவு லோஞ்ச் வரவில்லை. நயினாதீவு லோஞ்ச் ஓடியதால் மரியதாஸ் விடிந்ததும் எங்களைத் தேடி மடத்துக்கு வந்து, "பொம்பிளை மாப்பிளையைக் கடத்திக்கொண்டு போட்டுதாம், குறிகட்டுவான் முழுக்க அதுதான் கதை" என்றான். தாயார் கோபிக்கப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் சிரித்தார். "உனக்குப் பொம்பிளை எடுத்தால் உன்னையும் கடத்தச் சொல்லுறன்" என்றார். அதற்குப் பிறகு அவன் வாய் கொஞ்சம் அடங்கியது.

அன்று முழுக்க அந்த அம்மா அன்னதான மடத்துக் குசினியில் பூசணிக்காய் வெட்டினார். நானும் தேங்காய் துருவினேன். சின்னம்மா மட்டும், அங்கை அத்தார் தனிய நிண்டு வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிறார் என்று நேரத்துக்கு நேரம் நினைவுபடுத்திக்கொண்டிருந்தார். பின்னேரப் பூசைக்குத் தீபம் காட்டும்போது தாயார் கண்ணை மூடவேயில்லை. அம்மனை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை என்ற பெயரில் எனக்கு இப்படி ஒரு நாள் கிடைத்ததே என்று நானும் அம்மனை நினைத்துக் கும்பிட்டேன்.

அடுத்தநாள் காலை காற்றுப் படுத்தது. நாங்கள் குறிகட்டுவானுக்கு வந்து துறையில் காத்துநின்றோம். நெடுந்தீவு லோஞ்ச் வந்து கட்டியது. மீன் கூடைகள் இறங்கின, பள்ளிக்கூட வாத்திமார் இறங்கினார்கள், ஆட்டுக்குட்டியோடு ஒருவர் இறங்கினார். கடைசியாக இவர்கள் இரண்டு பேரும். வெயிலில் கறுத்துப்போயிருந்தார்கள். பெண்ணின் சேலைக் கரை முழுக்கப் புழுதி. அவள் கையால் உயரம் காட்டி எதையோ சொல்ல, அவர் இல்லை, அதைவிடச் சின்னன் என்று குறைத்துக் காட்டினார். குதிரைக்குட்டியைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். அவள் விடவில்லை. நின்று வாதாடினாள். அவர் சிரித்தார். துறையில் தாயார் நிற்பதையோ, நான் நிற்பதையோ, வான் நிற்பதையோ இருவரும் காணவில்லை. எங்களைக் கடந்தே நடந்து போனார்கள்.

நான் கூப்பிடக் கையைத் தூக்கினேன். தாயார் என் கையைப் பிடித்துக் கீழே பதித்தார்.

"கூப்பிடாதையும் தம்பி. கதைச்சு முடியட்டும்."

வெயிலில் நின்றோம். அவர்கள் துறை முடியுமட்டும் போய், வீதியில் ஏறி, அங்கே நின்றும் கதைத்தார்கள்.

யோகநாதன் குறித்த நாளில் பிளேன் ஏறினார். அதற்குப் பிறகு நாட்டில் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தீவுப் பயணமும் நின்றது, எங்கள் கடையும் பூட்டியது. ஆனால் கடை திறந்திருந்த காலம் வரை, நான் போட்ட ஒவ்வொரு புரோகிராமிலும் ஒரு அரைநாளைச் சும்மா விட்டேன். கோயிலும் இல்லை, கடலும் இல்லை, கோட்டையும் இல்லை. போகிறவர்கள் ஆளையாள் பார்த்து இருந்து கதைக்கட்டும் என்று.

"இதென்ன வெறுமனே கிடக்கு?" என்று முதலாளி கேட்பார்.

"அது காத்துக்கு" என்பேன்.